எடைக்கு எடை வெல்லம்

சாப்பிட்டால் அப்பா அடிப்பார். சாப்பிடாவிட்டால் அம்மா அடிப்பாள். இரண்டு பேரும் அடித்தது என் இழுப்பைப் போக்கத்தான். பாசம் இல்லாமல் அடித்தார்கள் என்று யாராவது சொன்னால் அவர்களை நானே அடிப்பேன். ஆனாலும் அடி அடிதான், வாங்கியவளுக்குத்தான் தெரியும்.

அப்பா ஆட்டோ ஓட்டினார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில் வண்டி போட்டிருப்பார். அங்கே அவருக்குத் தங்கமான மனுஷர் என்று பெயர். வெளிநாட்டுப் பெண்கள் "அண்ணா, அண்ணா" என்று தேடிவந்து ஏறுவார்கள். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது வேறு ஆளாகிவிடுவார். என்னை அடிப்பதற்கென்று அவர் பிரம்பு வாங்கியதில்லை. அறுந்துபோன கிளட்ச் கேபிள் ஒன்றை இரண்டாக மடித்து, பிடிக்குத் துணி சுற்றி, சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். கெண்டைக்காலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு மூச்சு கழித்துத்தான் எரியும். அம்மாவுக்கு அப்படித் தனி ஆயுதமெல்லாம் கிடையாது. கையில் தோசைக் கரண்டி இருந்தால் கரண்டி, சூடாக இருந்தால் சூட்டோடு.

எனக்கு இழுப்பு வந்தது மூன்றாம் வகுப்பில், மார்கழிப் பனியில். மூச்சை உள்ளே இழுக்கத்தான் முடியவில்லை என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது அப்படி இல்லை. உள்ளே போனது வெளியே வராது. போன காற்று நெஞ்சுக்குள் கெட்டியாக உட்கார்ந்துகொண்டு, புதுக் காற்றுக்கு இடம் விடாது. தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறும். விலாவுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம் வரும். முதல் தடவை நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது அப்பா என் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார். சளி வெளியே வந்துவிடும் என்று நினைத்தாராம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒருவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். டாக்டரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கைராசிக்காரர் என்று ஊர் சொன்னது, அம்மா கூட்டிக்கொண்டு போனாள். ஊசி போட்டு, டப்பாவிலிருந்து பெயர் இல்லாத வெள்ளை மாத்திரைகளைக் கொட்டி, காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். விழுங்கின அன்று சாயங்காலமே நெஞ்சு திறந்துகொண்டது. சன்னலைத் திறந்ததுபோல இருந்தது. அம்மா அழுதேவிட்டாள்.

இழுப்பு வரும்போது மட்டும் கொடுக்கச் சொல்லித்தான் அவர் கொடுத்தார். அம்மாவின் கணக்கு வேறு.

"வந்தப்புறம் குடுக்குறதுக்கு, வராமயே பண்ணிடலாம் இல்ல?" என்றாள்.

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. தினமும் காலையில் பால் டம்ளரோடு மாத்திரையும் வந்தது. பொட்டலம் தீர்ந்தால் அடுத்த பொட்டலம். அந்த ஆளும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

அந்த மாத்திரைக்கு ஒரு பசி உண்டு. அது என் பசி இல்லை, எனக்குள் யாரோ வந்து உட்கார்ந்துகொண்டு கேட்கிற பசி. ஆப்பைச் சோறு வைத்தால் அடுத்த ஆப்பைக்குக் கை நீளும். அரிசி டின்னில் கையை விட்டுப் பச்சை அரிசியை வாயில் போட்டு மெல்லுவேன். சர்க்கரை டப்பாவை அம்மா பரணில் ஏற்றினாள், நான் ஸ்டூல் போட்டு ஏறினேன். முகம் வட்டமானது. கன்னம் உப்பிக் கண் சின்னதானது. பிடரியில் ஒரு திமில். புஜத்திலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தோல் கிழிந்ததுபோல் வரிகள். யூனிபார்ம் தையலை அம்மா பிரித்துப் பிரித்துக் கடைசியில் பிரிக்கத் துணி இல்லாமல் போனது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னைக் குண்டம்மா என்று கூப்பிட்டாள். அவள் கையைக் கடித்து ரத்தம் பார்த்தேன். அதற்கும் வீட்டில் அடி விழுந்தது.

அப்பாவுக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. "கொழுப்பு போயி நெஞ்ச அடச்சிக்கினு இருக்கு. ஓடுனா கரையும்." அம்மாவுக்கு நேர்மாறாக ஒன்று. "மூச்சு வாங்குற புள்ளைக்கு ஒடம்புல தெம்பு வேணும்." அவர் விடிவதற்குள் எழுப்பி, கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் கல் நட்டுப் போட்டிருந்த காலி மனைகளில் என்னை ஓடவிடுவார். பின்னாலேயே கேபிளோடு வருவார். நான் நின்றால் கால்மேல் விழும். நெஞ்சில் சத்தம் வந்தால், "நடிக்காத" என்று இன்னொன்று விழும். வேர்த்து ஊற்றி வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே அம்மா நெய் ஊற்றின பொங்கலோடு நிற்பாள். வேண்டாம் என்றால் தாடையைப் பிடித்து அழுத்தித் திணிப்பாள். ஒருநாள் அப்பா அந்தத் தட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். அம்மா முறுக்கு டின்னை எடுத்து அவர்மேல் வீசினாள். அவருக்குப் புருவம் கிழிந்தது. அவர் அம்மாவின் கையை முறுக்கினார். நான் நடுவில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த பொங்கலை வழித்துத் தின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரையும் கொன்றுவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஆனால் அதைவிடப் பசி பெரிதாக இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஆடி மாதம் ஊசிக்காரர் எங்கோ வெளியூர் போய்விட்டார். பொட்டலம் தீர்ந்தது. நாலைந்து நாளில் இழுப்பு வந்தது, முன்னே வந்ததெல்லாம் விளையாட்டு என்பதுபோல. ஆட்டோவில் அம்மா மடியில் நான், அப்பா வண்டியை விரட்டிக்கொண்டு போகிறார். வழியில் அம்மா தலையை வெளியே நீட்டிக் குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். அப்பா ஊர் செங்கம் ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது, அங்கே எங்கள் அம்மன்.

"தாயே, எம் புள்ளைக்கு மூச்சக் குடு. எடைக்கு எடை வெல்லம் நிறுத்துக் குடுக்கறேன்."

எங்கள் வகையறாவில் இது பெரிய வேண்டுதல். நோய் தீர்ந்தவரைத் தராசில் உட்காரவைத்து வெல்லம் நிறுத்து, ஊருக்கே உடைத்துக் கொடுப்பார்கள். அதற்கு ஒரு கட்டும் உண்டு. நேர்த்திக்கடனைத் தீர்த்த பிறகு அந்த நோய்க்கு மருந்து தொடக்கூடாது. தொட்டால் அம்மனை நம்பவில்லை என்று அர்த்தம், விட்டுப்போன நோய் ரெட்டிப்பாகத் திரும்பிவரும். இதைச் சிரித்துக்கொண்டே யாரும் சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்கு வேறு ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுத் தப்பித்தேன். ஊசிக்காரர் திரும்பி வந்தார், பொட்டலமும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் எனக்கு இழுப்பே இல்லை. மாத்திரையைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மன் மூச்சுக் கொடுத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆனால் மூச்சுக் கொடுத்த அந்த ஒரு வருஷத்தில் நான் இன்னும் பாதி ஆள் அளவுக்குப் பெருத்திருந்தேன்.

அடுத்த ஆடியில் கடனைத் தீர்க்கப் போனோம். கோயில் முன்மண்டபத்து உத்தரத்தில் சங்கிலி போட்டு இரும்புத் தராசு கட்டியிருந்தார்கள். ஒரு பக்கத்துப் பலகையில் என்னைச் சம்மணம் போட்டு உட்காரவைத்தார்கள். அப்பாவும் அவருடைய அண்ணனும், என் பெரியப்பா, இன்னொரு பக்கம் உருண்டை வெல்லத்தை அடுக்கினார்கள். மூட்டை காலியானது. நான் உட்கார்ந்திருந்த பலகை தரையைவிட்டு அசையவில்லை.

"இன்னா தம்பி, அம்மனுக்குச் சக்கர நோயி வந்துடப் போவுது" என்றார் பெரியப்பா.

மண்டபமே சிரித்தது. ஊர்க்கடையிலிருந்து இன்னொரு மூட்டை வரும்வரை என்னை இறங்க விடவில்லை, நடுவில் இறங்கினால் வேண்டுதல் முறிந்துவிடுமாம். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. அவர் காது சிவந்திருந்தது. மூட்டை வந்து என் பக்கத்தில் இறங்கியது. பெரியப்பா குனிந்து என் புஜத்துச் சதையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, "இத அறுத்து வெச்சாலே பாதி கம்மியாயிடும்" என்றார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூட்டையிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து அவர் நெற்றியைப் பார்த்து எறிந்தேன். உருண்டை உடையவில்லை. அவர் நெற்றிதான் உடைந்தது.

அப்பா என் முடியைப் பிடித்துப் பலகையிலிருந்து இழுத்தார். எதிர்ப் பலகை தடாலென்று இறங்கி வெல்லமெல்லாம் மண்டபத்தில் உருண்டது. வெள்ளை வேட்டியில் ரத்தத்தோடு பெரியப்பா நிற்கிறார், பெண்கள் வெல்லத்தைப் பொறுக்குகிறார்கள், அப்பா என்னைத் தூணோடு வைத்து அறைகிறார். கடன் பாதியில் நின்றால் குடும்பத்துக்கு ஆகாது என்று பூசாரி கத்தினார். அதனால் என்னைத் திரும்பத் தூக்கி உட்காரவைத்து, அழ அழ நிறுத்து முடித்தார்கள். உடைத்த வெல்லத்தில் ஒரு துண்டை அம்மா என் வாயில் வைத்தாள். உதடு கிழிந்திருந்ததால் உப்புக் கரித்தது.

கிளம்பும் முன்னால் அம்மா கைப்பையைத் திறந்து மாத்திரைப் பொட்டலத்தைக் கோயில் கிணற்றில் போட்டாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. 

அடுத்து வந்த நாட்களில் எனக்கு என்ன நடந்தது என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. காலையில் எழுந்தால் தலை சுற்றியது. சாப்பிட்டது நிற்கவில்லை. எலும்பெல்லாம் வலித்தது. பசி போய்விட்டது, அதை மட்டும் அப்பா நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். காலி மனையில் பத்தடி ஓடுவதற்குள் கால் மடங்கியது. சோம்பேறித்தனம் என்று கேபிள் விழுந்தது. நெஞ்சில் பழைய சத்தம் மெல்ல ஆரம்பித்தது. அதை நான் வெளியே சொல்லவில்லை. அம்மன் கொடுத்த மூச்சை நானே கெடுத்துவிட்டேன் என்று பயந்தேன், கோயிலில் ரத்தம் சிந்த வைத்தவள் இல்லையா.

அப்பாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. பரிகாரமாக ஞாயிற்றுக்கிழமை விடியலில் வெறுங்காலோடு மலை சுற்றக் கூட்டிப்போனார். அம்மாவும் வந்தாள். அடி அண்ணாமலையைத் தாண்டும்போது வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. வழியில் ஒரு லிங்கத்துக்கு முன்னால் யாரோ கட்டி கட்டியாகக் கற்பூரம் கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகை வந்து அடித்ததும் என் நெஞ்சு பூட்டிக்கொண்டது. ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரி" என்றார் அப்பா.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வார்த்தைக்குத் தேவையான காற்று இல்லை.

"எந்திரிடி. பாதியில உக்காந்தா இன்னா அர்த்தம்?" இடுப்பிலிருந்து கேபிளை உருவினார். முதுகில் விழுந்தது, தோளில் விழுந்தது. நடந்துபோன ஒருவர், "கொழந்தைய அடிக்காதீங்க சார்" என்றார். "உன் வேலயப் பாத்துக்கினு போ" என்றார் அப்பா. அவரும் போய்விட்டார். நான் அழவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டும். அடி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, வலி எங்கோ தூரத்தில் இருந்தது.

அம்மா குனிந்து என் வாயைப் பார்த்தாள். உதடு நீலமாகியிருந்ததாம். அடுத்த நிமிஷம் கேபிள் அவள் கையில் இருந்தது. அப்பாவின் முகத்திலேயே வீசினாள், கழுத்தில் வீசினாள். அவர் கையால் மறைத்துக்கொள்ள, அந்தக் கையிலேயே விளாசினாள்.

"நடிப்பு இல்லய்யா அது. செத்துக்கினு இருக்காய்யா, பாருய்யா."

மலை சுற்றுகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டு நடந்தார்கள். கேபிளைச் சாக்கடையில் எறிந்துவிட்டு அம்மா என்னைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. அப்பா அவளைத் தள்ளிவிட்டு என்னை முதுகில் போட்டுக்கொண்டு ஓடினார். கன்னத்தில் ரத்தக்கோட்டோடு, என் எடை முழுவதையும் சுமந்துகொண்டு ஓடினார். ஒரு தடவை தடுக்கி விழுந்தார், முட்டி பெயர்ந்தது, என்னை விடாமல் எழுந்தார். அவர் நெஞ்சிலும் சத்தம் வந்தது, என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. எதிரே வந்த ஆட்டோவை மறித்து ஏற்றினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆவி மெஷினை மாட்டி, இரண்டு கையிலும் ஊசி குத்தினார்கள். ஒரு பெண் டாக்டர், சின்ன வயதுதான். என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார், பிடரியைத் தடவினார், புஜத்து வரிகளைப் பார்த்தார்.

"எத்தன நாளா ஸ்டீராய்டு குடுக்கறீங்க?"

"ஒண்ணும் குடுக்கலீங்க. நேர்த்திக்கடன் தீத்துட்டோம், இப்ப எந்த மாத்திரையும் இல்லீங்க" என்றாள் அம்மா, பெருமையோடு. அதற்கு முன்னால் என்ன கொடுத்தாள் என்று கேட்டு வாங்க டாக்டருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவர் குரலை உயர்த்தவில்லை, அதுவே பயமாக இருந்தது. "அந்த மாத்திரதாம்மா ஒடம்ப ஏத்திச்சு. ஏறுன ஒடம்பு நெஞ்ச அழுத்துது, அதுல வீசிங் ஜாஸ்தியாவுது. வருஷக்கணக்கா குடுத்துட்டு ஒரேடியா நிறுத்தினீங்க பாருங்க, அதுல கொழந்த செத்தே போயிருக்கும்." பிறகு அப்பாவைப் பார்த்தார். "எடை கொறையணும். மெதுவா கொறையணும். பம்பு அடிச்சிட்டு நடக்கட்டும், அப்புறம் ஓடட்டும். முதுகுல இந்தக் கோட்ட இன்னொரு தடவ பாத்தேன்னா நான் போலீசுக்குப் போன் பண்ணுவேன்."

ஆக, அப்பா சொன்னதில் பாதி சரி. எடை குறைந்தால் மூச்சு லேசாகும் என்பது உண்மைதான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். முழுக்கத் தப்பாக இருந்திருந்தால் அவரை வெறுப்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

நான் வார்டில் இருந்தபோதே அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் ஊசிக்காரரின் மேசையைக் கவிழ்த்து, கண்ணாடி அலமாரியைக் கல்லால் உடைத்துவிட்டு வந்தார். கை கிழிந்து தையல் போட்டார்கள். அந்த ஆள் கொஞ்ச நாளில் வேறு தெருவில் கடை போட்டுவிட்டார் என்று கேள்வி.

பிறகு, வாயில் வைத்து மருந்தை இழுக்கிற பம்புக் காலம். அதையும் அப்பா முதலில் நம்பவில்லை, உடம்பு அதற்கே பழகிவிடும் என்றார். ஆனால் டாக்டர் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. மருந்தை இழுத்ததும் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்துவைக்க வேண்டும். தினமும் காலையில் என் எதிரில் நின்று உதட்டுக்குள் எண்ணுவார். எண்ணி முடித்துத் தலையை ஆட்டினால்தான் நான் மூச்சை விடலாம். பிறகு காலி மனைகளைச் சுற்றி நடப்போம், அவர் வெறுங்கையோடு.  முகம் வடிந்தது, திமில் கரைந்தது. உடம்பு மட்டும் ரொம்ப மெதுவாக இறங்கியது. அது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மாதம் ஆஸ்பத்திரி மெஷினில் எடை இறங்குவதற்குப் பதிலாக ஏறியிருந்தது. அப்பா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"இன்னா தின்ன?"

"ஒண்ணும் தின்னல."

"பொய் சொல்ற." கையை ஓங்கினார்.

என் நெஞ்சு இறுகியது. நிஜமாகவே இறுகியது, நடிப்பில்லை. பையிலிருந்து பம்பை எடுத்து வாயில் வைத்து இழுத்தேன். அப்பா ஓங்கின கையோடு அப்படியே நின்றார். உதடு அசைந்தது. எண்ணினார். பத்து வரைக்கும் எண்ணி, தலையை ஆட்டினார். நான் மூச்சை விட்டேன். அதற்குப் பிறகு அறைந்தார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. அடித்ததற்குக்கூட இல்லை, காத்திருந்து அடித்ததற்கு. பம்பைக் கீழே போட்டுவிட்டு, இரண்டாவது அறைக்கு வந்த கையை இரண்டு கையாலும் பிடித்து, மொத்த உடம்பையும் போட்டு இழுத்தேன். அப்பா மல்லாக்க விழுந்தார். தலை கட்டில் காலில் மோதியது. அவர் எழுந்திருப்பதற்குள் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தராசில் உட்காரவைத்துச் சிரித்தார்களே, அந்த எடை முழுவதும் அவர் விலாமேல். அம்மா ஓடிவந்து என் முடியைப் பிடித்து இழுத்தாள், நான் அசையவில்லை. அவர் முகம் சிவந்து, பிறகு கறுத்தது. வாய் திறந்து திறந்து மூடியது. அந்த வாயை எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா கையைத் தூக்கினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். தரையில் கிடந்த பம்பைத் தடவி எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"மூச்சு... வாங்குதாம்மா உனக்கு?" என்றார்.

"இல்ல" என்றேன். பொய் இல்லை, நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஆனாலும் உடனே எழுந்திருக்கவில்லை. மனசுக்குள் பத்து எண்ணி முடித்துத்தான் எழுந்தேன்.